எண்ணூரில் இருட்டாக நின்ற கப்பல்

ராயபுரத்தில் என்னை முதலில் விசாரித்தவர் ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநர். பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்கப் பார்த்தேன். அவர் பிரேக்கை மிதித்து, ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னாமா, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தினார்.

"ஓம் அண்ணை, அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சாகப் பார்க்கிறாயா என்பதை இந்த ஊரில் இப்படித்தான் கேட்பார்கள் என்று அன்று மாலை நான் தங்கப்போன வீட்டு ஸ்டெல்லா அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் நான் சொன்னது உண்மை. மன்னாரில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். "தம்பியைப் பார்க்காமல் திரும்பி வரமாட்டன்" என்றும் சொல்லியிருந்தேன்.

என் தம்பி அன்ரன் ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கப்பல் எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கைகழுவிவிட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது சட்டம். அதனால் மாற்று ஆட்கள் வரும்வரை உள்ளே இருப்பவர்கள் இறங்க முடியாது. மாற்று ஆட்களை அனுப்பவேண்டியவரோ அந்த முதலாளிதான். சிறை என்று யாரும் சொல்லாத சிறை அது.

அவனிடமிருந்து கடைசியாக வந்த செய்தி இது: "அக்கா, கரையில பெரிய புகைக்கூண்டுகள் தெரியுது. அதுக்கு நேரதான் நிக்கிறம். செபமாலை சொல்லச் சொல்லி இனி எழுதாதே. ஆண்டவர் இந்தக் கப்பலில ஏற மாட்டார். ஏணியை மேல தூக்கிப்போட்டாங்கள்." அதன் பிறகு அவனுடைய போன் எடுபடவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு வைத்தே வாழ்ந்து முடித்தவர். அம்மாவிடம் செய்தித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது. நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கிற பழக்கம் இல்லை. ஓர் அலுவலகத்தின் முன் நின்று சரியான ஆங்கிலத்தில் சரியான கேள்வியைக் கேட்டால் கதவு திறக்கும் என்றுதான் கடல் கடந்து வந்தேன்.

ஸ்டெல்லா அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறார். மன்னாரில் எங்கள் பங்குக் கோயிலில் இருக்கும் ஒரு கன்னியாஸ்திரிக்கு உறவு. கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், அவர் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் தங்கினேன்.

"முதல்ல நாஷ்டா துன்னு. அப்பாலிக்கா அழுவலாம்" என்று மறுநாள் காலை தட்டை நீட்டினார். இடியாப்பம். அதற்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். சொதி இல்லையா என்று கேட்டேன்.

"சொதியா? அது இன்னாது?"

தேங்காய்ப்பாலில் வைக்கிற மஞ்சள் குழம்பு என்று விளக்கினேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். "நீ பேசறது சோக்கா கீது பாப்பா. ரேடியோல நாடகம் கேக்கற மாரி."

கப்பல் முகவரின் அலுவலகம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் இரவெல்லாம் இருந்து எழுதிய மனுவை அங்கிருந்தவர் பொறுமையாக வாசித்தார். ஒரு வரியில் நின்று தலையசைத்தார். நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். மனுவை ஒரு தட்டில், மற்ற மனுக்களுக்கு மேலே வைத்தார். "கோர்ட் என்ன சொல்லுதோ அதான். சாப்பாடு அனுப்பிட்டுதான் இருக்கோம்."

"எப்ப கடைசியா அனுப்பினீங்கள்?"

அதற்கு அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

கீழே தெருவோரத்தில் அத்தோ விற்கிற வண்டி. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் வெங்காயமும் முட்டைக்கோசும் பொரித்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்கள். ஊரில் கொத்துரொட்டிக் கடையில் எழுகிற இரும்புச் சத்தம் இங்கே இல்லை. கை மட்டும்தான். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனா?" என்றார். "எங்க ஐயா ரங்கூன்லேந்து வந்தவரு. கப்பல்லதான். எல்லாத்தையும் கப்பலுதாம்மா கொணாந்து போட்டுக்கீது."

பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. தம்பி அன்று என்ன சாப்பிட்டிருப்பான் என்று நினைத்ததும் தட்டை வைத்துவிட்டேன்.

எண்ணூர்க் கரைக்குப் போக வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். துணிப்பைகளோடு கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து ஏறியது. சுரங்கத்திலிருந்து ரயில் மேலே வந்து, திருவொற்றியூர் தாண்டும்போது, வீடுகளின் மொட்டைமாடிகளுக்கு அப்பால் கடல் தெரிந்தது. கடலில் கப்பல்கள். நான் எழுந்து கண்ணாடியில் முகத்தை வைத்தேன். பக்கத்தில் பட்டுப்புடவை வாங்கிவந்த அம்மா, "இன்னாமா, கப்பலே பாத்ததில்லயா?" என்றார். மன்னார்க்காரியைப் பார்த்து!

விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ. அது இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. ஊரில் சாலையைக் கழுதைகள் மறிக்கும். ஆரன் அடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டாவது நகரும். இவை யோசிப்பதாகத் தெரியவில்லை. புகையும் எண்ணெயும் ஏதோ மருந்தும் கலந்த வாடை மூக்கை எரித்தது.

"ஒரே கலீஜு. தெனம் இதே பேஜாரு" என்றார் ஆட்டோக்காரர். "மாமு, கொஞ்சம் நவுத்து மாமு! இந்தப் பொண்ணு கப்பலுக்கு லேட்டாவுதாம்!"

கடைசியில் நடந்தே காத்திவாக்கம் கரைக்குப் போனேன். அலைத்தடுப்புக்குப் போட்ட கருங்கற்கள். அவற்றின்மேல் காயும் வலைகள். பின்னால் புகைக்கூண்டுகள். முதுகை அவற்றுக்குக் காட்டி நேரே பார்த்தேன். வெள்ளை மாடமும் சிவப்பு அடிவயிறுமாக ஒரு பெரிய கப்பல் நின்றது. இருட்டத் தொடங்கியதும் அதில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. செபமாலையை எடுத்தேன். அம்மாவுக்கு அழைத்தேன்.

"பார்த்தியா பிள்ளை?"

"கப்பல் தெரியுது அம்மா. லைற் எல்லாம் எரியுது."

"லைற் எரியுதெண்டால் சரி. சமைக்கிறாங்கள்." அவர் மூச்சுவிட்டது இங்கே கேட்டது.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த மனிதர் இல்லை. தட்டு இருந்தது. என் மனுவுக்கு மேல் வேறு மனுக்கள் ஏறியிருந்தன. மாலையில் மறுபடி கரை, மறுபடி அதே கப்பல். துப்பட்டாவை எடுத்து ஆட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆட்டினேன்.

பின்னால் ஒரு குரல். "யாருக்குமா டாட்டா காமிச்சிகினு கீற?"

வலை தைத்துக்கொண்டிருந்தவர். பெயர் தேசப்பன் என்று பிறகு தெரிந்தது. ஃபைபர் படகு வைத்திருப்பவர். ஸ்டெல்லா அக்காவுக்கு மீன் போடுகிறவரும் அவர்தான். தம்பியின் கப்பல் பெயரைச் சொன்னேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அத்தப் பாத்தா ரெண்டு நாளா கும்புட்டுகினு கீற? அது நெலக்கரி கப்பலு மா. நேத்து வந்துச்சி. அதுல கீறவனுங்க பிரியாணி துன்னுட்டு டிவி பாத்துகினு கீறானுங்க."

"அப்ப என்ட தம்பி?"

அவர் கையை வடக்கே நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நீட்டினார். வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த ஒரு துண்டு. "தோ, இருட்டா கீது பாரு. டீசல் இல்ல. லைட்டு போட்டே ரொம்ப நாளாவுது."

"ஆக்கள் இருக்கினமா அண்ணை?"

அவர் ஊசியை மறுபடி எடுத்தார். "அந்தப் பக்கம்தான் வலை வுடறோம். மின்ன கை காமிப்பானுங்க. இப்ப கொஞ்ச நாளா மேல யாரையும் காணல."

அன்றிரவு அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? நான் காட்டிய ஆறுதல் வேறு யாருடைய விளக்கோ.

காலையில் ராயபுரம் கோயிலில் போய் உட்கார்ந்தேன். இந்த ஊரின் பெயரே ராயப்பரின், அதாவது புனித பேதுருவின், பெயரால் வந்தது என்பார்கள். அவரும் மீன்பிடித்தவர், சிறையில் கிடந்தவர். வானதூதர் வந்ததும் சங்கிலி கழன்றது அவருக்கு. என் தம்பிக்கு ஏன் இல்லை? போரில் எங்களை ஊரை விட்டுத் துரத்தினார்கள். முகாமில் கம்பிவேலிக்குள் வைத்தார்கள். அதற்குப் பிறகு தலைநிமிர்ந்த ஒரே ஆண்பிள்ளையை மறுபடி இன்னொரு வேலிக்குள் வைக்க என்ன நோக்கம் இருக்க முடியும்? கேட்டேன். உரத்தே கேட்டேன் போல. மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். என் மன்றாட்டும் எங்கேயோ ஒரு தட்டில், வேறு மன்றாட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. படகு கரை சேர்ந்ததும் அப்பா முதல் மீனின் வால்நுனியை வெட்டுவார். வாலறுத்த மீன் ஆண்டவருக்கு. அதை யாரும் விற்கவும் கூடாது, குழம்பு வைக்கவும் கூடாது. கோயிலுக்குப் போகும். முகாமில் கடலும் இல்லை, மீனும் இல்லை. அம்மா நிவாரண அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவருக்கு இதையும் ஏன் கொடுக்கிறாய் என்று நான் சண்டை பிடிப்பேன். "குடுக்கிறதுக்கு ஒரு பிடி இருக்கிற மட்டும் நாங்கள் பிச்சைக்காரர் இல்லை பிள்ளை" என்பார் அம்மா. அப்போது அது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை.

கோயிலிலிருந்து திரும்பினால் ஸ்டெல்லா அக்கா கூடையைத் தலையில் வைத்தபடி வாசலில் நின்றார். "தேசப்பா சொன்னான். கெளம்பு. அவன்கிட்ட நான் பேசறேன்."

காத்திவாக்கத்தில் தேசப்பன் அண்ணன் வீட்டு முன்னால் பெரிய வாக்குவாதமே நடந்தது. அவர்கள் படகிலும் ஒரு வழக்கம் உண்டு. பிடிபட்டதில் முதல் கூடை 'சாமி பங்கு.' கங்கையம்மன் கோயிலுக்குப் போகிறது. அந்த வாரத்துச் சாமி பங்கைக் கப்பலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் தேசப்பன் அண்ணன். படகில் கூட்டாளியான ஆறுமுகம் துள்ளினார்.

"சாமி பங்குல கை வச்சா கண்ணு அவிஞ்சி பூடும் நைனா!"

"நானாடா துன்னப் போறேன்? பசிச்சவன் துன்னப் போறான்."

"அவன் வேதக்காரப் பையன். அம்மனுக்கு அவன் யாரு?"

உள்ளிருந்து தேசப்பன் அண்ணனின் மனைவி வள்ளி அக்கா வந்தார். "கடல்ல கீறவன் எல்லாம் அம்மனுக்குப் புள்ளதான். ஆத்தா ஒரு வாரம் பட்டினி கெடப்பா, புள்ள கெடக்கக் கூடாது. போய்யா, போய் வலைய ஏத்து."

விவாதம் அதோடு முடிந்தது. நானும் வருகிறேன் என்றேன். தேசப்பன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, நீ வேற நாட்டுக்காரி. ரோந்து படகு புடிச்சா, உன் தம்பி வெளிய வந்தப்புறம்கூட நீ உள்ள குந்திகினு இருப்ப. இன்னா சொல்லணும், அத்தச் சொல்லு."

எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை, ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. "அக்கா கரையில நிக்கிறாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன். ஒரு மூட்டை அரிசியையும் தண்ணீர்க் கேன்களையும் நாங்கள் ஏற்றிவிட்டோம். மீன் வழியில் பிடிபடும்.

விடியலுக்கு முன் போன படகு வெயில் ஏறியும் வரவில்லை. வள்ளி அக்கா கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் வைத்தார். எங்கள் ஊர்க் கூழில் மீனும் நண்டும் மரவள்ளியும் மிதக்கும், குழம்பா கூழா என்று தெரியாது. இது வேறு. புளித்து, குளிர்ந்து, வயிற்றில் போய் அமைதியாக உட்கார்ந்தது. வயிறு மட்டும்தான் அமைதியானது.

ஒரு சாம்பல் நிறப் படகு வேகமாக வடக்கே போனது. "ரோந்தா?" என்றேன். "தெனம் போவும்" என்றார் வள்ளி அக்கா. ஆனால் அவரும் எழுந்து நின்று பார்த்தார். ஸ்டெல்லா அக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் கல்லில் குந்தி, வாய்க்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே, "எங்க பூட்டான் இந்த தேசப்பா, கட்டைல போறவன்" என்றும் அதே மூச்சில் வந்தது.

படகு வந்தபோது உச்சிவெயில். தேசப்பன் அண்ணனின் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. கயிற்றைக் கட்டி, இறங்கி, முகம் கழுவி, பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கத்துனோம் கத்துனோம், ஒருத்தன் வரல. ஆறுமுகம் சொல்றான், செத்துகித்து பூட்டானுங்களா நைனான்னு. தகரத்த எடுத்து டமடமன்னு தட்டுனேன். அப்பாலதான் ஒருத்தன் எட்டிப் பாத்தான். தாடிக்காரன். ஒல்லிக் குச்சி. 'அண்ணை'ன்னான். அட, உன் பேச்சு!"

நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"வெயிலு தாங்காம அல்லாரும் உள்ளயே கெடக்கறானுங்களாம். கவுத்த வுட்டான். அரிசி, தண்ணி, மீனு எல்லாம் ஒண்ணொண்ணா ஏறிச்சி. அக்கா கரைல நிக்கிதுடான்னேன். ஒண்ணும் பேசல. இது எங்க அம்மன் பங்குடா, சாமி பங்கு, பயந்துக்காத துன்னுன்னேன். அதுக்கும் பேசல. உள்ள பூட்டான். சரி, அவ்ளோதான்னு கெளம்புனா, 'நில்லுங்கோ'ன்னு கத்தறான். காலி கூடைய எறக்குறான். பாத்தா இது கீது. அக்காட்ட குடுங்கோன்னான்."

ஈரச் சாக்கைப் பிரித்தார். ஒரு பாரைமீன். என் கையளவுதான் இருக்கும்.

"நான் குடுத்ததுல ஒண்ணத் திருப்பிட்டானோன்னு கோவம் வந்திச்சி. பாத்தா, நம்ம வலை மீனு இல்ல இது. வாயில தூண்டில் கிழிச்சிக்கீது. வாலு வேற வெட்டிக் கெடக்குது. கப்பல்ல பூனை கீதோ இன்னாவோ."

வால்நுனி நேராக, ஒரே வெட்டில் வெட்டப்பட்டிருந்தது. அப்பா வெட்டுவதுபோல.

நான் அழுததைப் பார்த்து ஆறுமுகம் பயந்துவிட்டார். மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற பெண்ணை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஸ்டெல்லா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். அங்கே அவன் பசியோடு தூண்டில் போட்டுப் பிடித்தது இது. அதில் ஆண்டவரின் பங்கை அவன் தனியே எடுத்து வைத்திருக்கிறான். கொண்டுபோய்க் கொடுக்கக் கோயில் இல்லாமல் வைத்திருக்கிறான். செபமாலை சொல்லச் சொல்லி எழுதாதே என்று எனக்கு எழுதியவன்.

ஏணி இல்லாத கப்பலில் ஆண்டவர் ஏற மாட்டார் என்று அவன் எழுதினான். கயிற்றில் கட்டிய மீன்கூடையாக அவர் ஏறியிருக்கலாம். அதற்கு முன்பே ஒரு தூண்டிலோடு உள்ளே இருந்திருக்கவும் கூடும். இதையெல்லாம் ஏன் நடக்க விடுகிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை. ஆனால் அம்மா முகாமில் சொன்னது பதில்தான் என்பது அந்தக் கரையில் விளங்கியது.

உடனே புதிய சண்டை. "அம்மன் பங்கு ஏறிச்சி, எறங்குனது அம்மனுக்குத்தான்" என்றார் தேசப்பன் அண்ணன். "புடிச்சது வேதக்காரப் புள்ள. ராயப்பருக்குத்தான்" என்றார் ஸ்டெல்லா அக்கா. வெயிலில் மீன் காத்திராது என்பதால் வள்ளி அக்காவே தீர்ப்புச் சொன்னார். கரையிலேயே ஏலம். வருவதில் பாதிக்கு அம்மனுக்கு எண்ணெய், பாதிக்கு ராயப்பருக்கு மெழுகுதிரி. விற்கக் கூடாத மீன் என்றேன், காசு சாமிக்குத்தானே போகிறது என்றார். அந்தச் சின்ன மீனுக்கு அன்று எழுந்த போட்டியை நான் எங்கும் கண்டதில்லை. எடுத்தவர் ஆறுமுகம். கண் அவிந்துவிடும் என்று பயந்தவர்.

"இனி வாராவாரம் போவோம்" என்றார் தேசப்பன் அண்ணன், என்னைப் பார்க்காமல், வலையைப் பார்த்து.

எனக்கு மறுநாள் விமானம். விசா முடிகிறது. தம்பி இன்னும் கப்பலில்தான். போகும் வழியில் அலுவலகத்தில் இன்னொரு மனு கொடுப்பேன். இன்னும் நல்ல ஆங்கிலத்தில். பின்னேரம் கரையிலிருந்தே அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, நான் லைற் எரியுதெண்டு சொன்னது வேற கப்பல். தம்பியின்ர கப்பலில லைற் இல்லை. அவனை நான் பார்க்கேல்லை. பார்க்காமல்தான் வாறன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒரு மீன் அனுப்பினவன் அம்மா. வாலறுத்து."

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"என்ன மீன்?" என்றார் அம்மா.

"பாரை. கையளவு."

"அப்ப அவனிட்டத் தூண்டில் இருக்கு" என்றார். குரல் உடைந்து, பிறகு நேரானது. "சரி. நீ சாப்பிட்டியா?"

கடலில் ஒவ்வொரு கப்பலாக விளக்கேற்றத் தொடங்கியது. நான் அவற்றை விட்டுவிட்டு, வடக்கே, இருட்டாக இருந்த இடத்தைப் பார்த்துத் துப்பட்டாவை ஆட்டினேன்.